பெரிய பேர் இருந்தால்தான் கடிதமா?

முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் குப்பை கொட்டியவன் நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நாயுடுபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் போன மழைக்காலத்தில் காலமானார். எழுபதுகளில் மெல்லிசைக் குழுக்களில் கிதார் வாசித்தவர். டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்கள் வைத்திருந்தார். பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்தார். சினிமாக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்ட இரண்டை மட்டும் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். மற்ற உறைகளில் தபால்தலையைச் சுற்றிக் கத்தரித்தார். முத்திரை போச்சு, அதோடு தேதியும் ஊரும் போச்சு. மிச்சமெல்லாம் எடைக்கு.

"இதெல்லாம் பேரே இல்லாத ஆளுங்க எழுதுனதுங்க ஐயா" என்றார்.

பேரே இல்லாத ஆட்களாம்! அமெரிக்காவில் ஹிப்பிங் என்று ஒரு இரும்புச் சுரங்க ஊர். அங்கே ராபர்ட் ஸிம்மர்மேன் என்ற பையன் 1957 முதல் 1959 வரை தன் பள்ளித் தோழிக்கு 42 கடிதங்கள் எழுதினான். அன்றைக்கு அவனுக்கு என்ன பேர் இருந்தது? பேரை மாற்றிக்கொள்ளலாமா என்று அந்தக் கடிதங்களில்தான் யோசித்துக்கொண்டிருந்தான். பாப் டிலன் ஆனதும், 2016-ல் நோபல் பரிசு வாங்கியதும் பிறகு நடந்த கதை. 2022-ல் அந்தக் கட்டு ஏலத்துக்கு வந்து கிட்டத்தட்ட 6,70,000 டாலருக்குப் போனது. நம் கணக்கில் ஐந்து கோடிக்கு மேல். வாங்கியது போர்ச்சுகலில் போர்ட்டோ நகரத்து லெல்லோ புத்தகக் கடை. ஒன்றையும் பிரிக்காமல் வாங்கினார்கள், அந்த மட்டில் சந்தோஷம்.

ராக் இசைக்காரர்களின் கடிதங்களைத் தேடி ஏலம் ஏலமாக அலைகிறவர்களைச் சரித்திரத்தைக் காப்பாற்றுகிறவர்கள் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். காப்பாற்றியது அந்தத் தோழி. சாகும்வரை அறுபது வருஷம் வைத்திருந்தாளே, விலை பார்த்தா வைத்திருந்தாள்? பேர் வந்தபின் பணத்தோடு வருகிறவர் வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் வைக்க வீட்டில் இடம் ஏது என்பீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கடிதம் என்று அடுத்தவர் தூக்கிப்போட்டதையெல்லாம் வீட்டில் அடுக்கினார். 1992-ல் அவர் மறைந்தார். அந்தக் குவியல்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. பேர் பார்த்துப் பொறுக்கியிருந்தால் ஒரு அலமாரிகூட நிறைந்திருக்காது.

எடைக்குப் போன மூட்டையிலிருந்து மூன்று இன்லண்ட் லெட்டர்களை மட்டும் கெஞ்சி வாங்கினேன். ஒன்றில், கச்சேரிக்கு வரும்போது கிதார் கம்பி இரண்டு செட் வாங்கி வரச் சொல்கிறார் யாரோ. "பேசின பணத்தில் பாதிதான் கொடுத்தார்கள், மீதியைக் கேட்டால் அடுத்த திருவிழாவுக்குக் கூப்பிடமாட்டார்கள்" என்கிறது இன்னொன்று. மூன்றாவது பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெயில் வரட்டும், பதமாகப் பிரித்துப் பார்க்கவேண்டும்.