எண்ணப்படாத சாவுகள்

கொள்ளைநோய்க்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது என்று 2020-ல் மேடைக்கு மேடை முழங்கினார்கள். கிருமிக்குப் பேதம் இல்லாதிருக்கலாம். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் குடிசைக்கும், ஒரு நாள் வேலை போனால் அடுப்பு எரியாத கூலிக்கும் அந்தப் பேதம் உண்டு.

1918-ல் பம்பாயை இன்புளுயன்சா காய்ச்சல் சூறையாடியது. ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேர் மாண்டனர். சாதி இந்துக்களில் சுமார் 19 பேர். தாழ்த்தப்பட்ட மக்களிலோ 61 பேருக்கும் மேல்! ஊர் ஒன்று, காய்ச்சல் ஒன்று. சாவு மட்டும் ஏழு மடங்கு.

நாம் வாழும் இத்தீவுகளின் கதை இன்னும் கொடியது. 1858-ல் வெள்ளையர் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) கைதிக் குடியேற்றம் அமைத்தனர். அவர்களோடு வந்த நோய்களும், 1877-ல் பரவிய தட்டம்மையும் இம்மண்ணின் ஆதிகுடிகளான கிரேட் அந்தமானியரை வாரிக்கொண்டு போயின. ஆயிரக்கணக்கில் இருந்த இனம் 2020-ல் ஐம்பது பேர் அளவில் சுருங்கியிருந்தது. அவர்களில் பத்துப் பேருக்குக் கொரோனா கண்டது.

பம்பாயில் அன்னிய அரசாவது செத்தவர் யார் என்று எண்ணியது. நம் அரசு? ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் மக்களவையில் கேட்டார்கள். அப்படி ஒரு கணக்கு இல்லை. ஆகவே நஷ்டஈடு என்ற பேச்சே எழவில்லை என்று பதில் வந்தது. அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அயர்ந்து தூங்கிய 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியதை அந்த மே மாதம் நாடே அறியும். தொழிலாளர் சிறப்பு ரயில்களில் 97 பேர் இறந்ததாக ரயில்வே அமைச்சரே மாநிலங்களவையில் சொன்னார். இவையெல்லாம் கணக்கில்லையா?

தோழர்களே! கணக்கில் வராத சாவுக்கு நஷ்டஈடு இல்லை. நஷ்டஈடு இல்லாத சாவைத் தடுக்க யாருக்கும் அவசரமும் இல்லை. இலங்கையிலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய நம் குடும்பங்களில் ஒருவருக்கு நோய் முற்றினால், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடல் தாண்டியாக வேண்டும். வழியில் போன உயிர் எந்த ஏட்டில் ஏறும்?

இறப்புக் கணக்கைத் தொழில்வாரியாக, தீவுவாரியாக வெளியிட வேண்டும். கப்பலில் நோயாளிக்கு முதலிடம் வேண்டும். தனிமையில் வைக்கும் நாட்களுக்குக் கூலி வேண்டும்.

கேட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். இறந்தவர் பெயர், தொழில், நோய் கண்ட நாள், மருத்துவம் கிடைத்த நாள் ஆகியவற்றைத் தவறாமல் எழுதுங்கள். அடுத்த முறை கணக்கு இல்லை என்று எவரும் சொல்லும்போது, அந்த நோட்டை மேஜைமேல் வைப்போம்.