தொண்ணூறு ஆடுகளும் ஒரு மொய் நோட்டும்

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு ஓர் உத்தரவு பிறப்பித்தது. மைசூரில் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் கிளையில் பல பத்தாண்டுகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ் ஆய்வுலகம் அதைத் தன் வெற்றியாகவே கொண்டாடியது. கொண்டாடியதில் பிழையில்லை. அந்த மைப்படிகளில் இருப்பது என்ன என்று கொண்டாடியவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர் என்பதுதான் கேள்வி.

மன்னனின் மெய்க்கீர்த்தியைத் தாண்டிவிட்டால் அவற்றில் பெரும்பாலும் எஞ்சுவது ஊர்ச்செய்தி. ஒருவர் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூறு ஆடுகள் விட்டார். சில ஊர்களில் அது தொண்ணூற்றாறு. அந்த ஆடுகளை இன்னார் ஏற்றுக்கொண்டு நாள்தோறும் நெய் அளக்க இசைந்தார். ஏரி தூர் வார ஊரார் ஏற்பாடு செய்தனர். சபையில் யார் உறுப்பினராகலாம், கணக்குக் காட்டாதவனை எப்படி விலக்குவது என்று 919-லும் 921-லும் உத்திரமேரூரில் கூடிப் பேசி முடிவு செய்தனர். பொறித்த நாளில் இவையெல்லாம் அவ்வூரைத் தாண்டி எவருக்கும் பெரிய செய்தியல்ல. ஆயிரம் ஆண்டு கடந்ததால் அவை இன்று நாட்டின் செல்வம்.

இதே ஆய்வுலகத்தில், தன் சொந்த ஊரின் அன்றாட வாழ்வை ஆய்வுப் பொருளாக எடுக்க விரும்பும் மாணவருக்குக் கிடைக்கும் வரவேற்பு வேறு. ஊர்க்கதையை ஆய்வேடாக்க முடியாது என்பார்கள். கோட்பாடு எங்கே என்பார்கள். கோட்பாடு அங்கிருந்துதான் வந்தது என்பதற்கு மைசூரே சாட்சி சொல்லும்.

எம்.என். சீனிவாஸ் 1916-இல் மைசூரில் தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். வீடு கல்லூரிச் சாலையில். வீட்டின் பின்புறம் குறும்பர்கள் வாழ்ந்த பண்டிகேரி. சில அடி தொலைவில் உணவும் உடையும் பேச்சும் சண்டையும் முற்றிலும் வேறான ஓர் உலகம் இருந்ததைச் சிறுவனாகக் கண்டவர் அவர். மானிடவியலாளர்கள் கடல் கடந்து தேடிப்போகும் அயல் சமூகம் தனக்குக் கொல்லைப்புறத்திலேயே வாய்த்தது என்னும் பொருளில் பிற்காலத்தில் எழுதியுமிருக்கிறார். பம்பாயில் குர்யேயிடமும், ஆக்ஸ்போர்டில் ராட்கிளிஃப்-பிரவுன், எவான்ஸ்-பிரிட்சர்ட் ஆகியோரிடமும் பயின்றபின், 1948-இல் மைசூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கினார். சுமார் 1500 பேர் வாழ்ந்த அவ்வூருக்கு அவர் வைத்த புனைபெயர் ராம்புரா. ஊர்த் தலைவர் அவருக்கு ஒதுக்கித் தந்த இடம் எருதுகள் கட்டும் வீடு.

அங்கே அவர் குறித்துக்கொண்டவை எவை? எந்த வயலுக்கு நீர் முந்தியது, எந்தக் கூட்டுக் குடும்பம் எதனால் பிரிந்தது, எவர் எவரிடம் பேச்சை நிறுத்தினார். குயவர் ஒருவருக்கும் பூசாரி ஒருவருக்கும் மூண்ட சச்சரவை மட்டும் வைத்து 1959-இல் ஒரு முழுக் கட்டுரை எழுதினார். வண்ணார் சமூகத்துச் சச்சரவு ஒன்று மற்றொரு கட்டுரையானது. திண்ணைப் பேச்சுக்கு மேல் மதிப்புப் பெறாத செய்திகள் இவை. ஆனால் ஒரு சாதியாருக்குள் எழும் வழக்கை மற்றொரு சாதிப் பெரியவர்கள் தீர்த்துவைப்பதையும், அதை எவரும் வியப்பாகக் கருதாததையும் திரும்பத் திரும்பக் கண்டதன் விளைவே, இன்று இந்தியச் சமூகவியல் வகுப்புகள் அனைத்திலும் ஒலிக்கும் 'ஆதிக்கச் சாதி' என்னும் கருத்தாக்கம். எண்ணிக்கையும் நிலமும் சேருமிடத்தில் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சாத்திரங்களில் தேடியிருந்தால் அவர் கண்டிருக்க மாட்டார். 1976-இல் வெளிவந்த 'நினைவில் நின்ற கிராமம்' நூலில் வம்புப் பேச்சுக்கும் பொறாமைக்கும் நகைச்சுவைக்கும்கூடத் தனிப் பகுதிகள் உண்டு.

அந்நூல் நினைவிலிருந்து எழுதப்பட வேண்டி வந்த கதை பலரும் அறிந்ததே. நூலை எழுதுவதற்காக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்றிருந்தார். 1970 ஏப்ரல் 24 அன்று அங்குள்ள ஆய்வு மையத்தில் எவரோ தீ வைத்தனர். பதினெட்டு ஆண்டுகளாக வகைப்படுத்தித் தொகுத்து வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்தன. மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன என்பதே இதில் நெஞ்சைச் சுடும் செய்தி. சக மானிடவியலாளர் சோல் டாக்ஸ் நினைவிலிருந்தே எழுதுமாறு ஊக்கப்படுத்தினார், நூல் பிறந்தது. இந்த வரலாற்றை எழுத்தாளனின் மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நினைவு மறுக்கும் நுணுக்கங்கள் சில உண்டு என்பதும், அவை எரிந்துபோனவை எரிந்துபோனவையே என்பதும் அத்தகைய மேடைகளில் பேசப்படுவதில்லை.

மைசூர் வட்டாரத்திலிருந்தே இன்னொரு சான்றும் உண்டு. ஸ்கார்லெட் எப்ஸ்டைன் 1950-களின் நடுவில் மாண்டியா பகுதியில் வாங்கலா, தலேனா எனப் பெயரிட்ட இரண்டு ஊர்களில் தங்கி ஆய்ந்தார். வாங்கலாவுக்குக் கால்வாய்ப் பாசனம் கிடைத்தது. மேட்டு நிலமாகிய தலேனாவுக்குக் கிடைக்கவில்லை. நீர் பெற்ற ஊர் கரும்பு பயிரிட்டுச் செழித்தது; அதன் பழைய உறவுமுறைகளும் பண்ணை-ஆள் பிணைப்புகளும் பெரிதும் அப்படியே நீடித்தன. நீர் பெறாத ஊரார் வேலைக்கும் வணிகத்துக்கும் வெளியே போயினர். அங்கேதான் பழைய பிணைப்புகள் தளர்ந்தன. வளர்ச்சி வந்தால் வழக்கம் மாறும் என்று பொருளியல் நம்பிய காலத்தில் இது எதிர்பாராத முடிவு. இம்முடிவு கிடைத்தது எந்த வீட்டுக்கு யார் கூலிக்குப் போனார், என்ன கூலி வாங்கினார் என்ற அலுப்பூட்டும் கணக்கிலிருந்து. 1970-இல் அவர் அதே ஊர்களுக்குத் திரும்பிச் சென்று மறுபடி கணக்கெடுத்தார்.

மைசூரின் மற்றொரு தமிழரான ஆர்.கே. நாராயணும் தம் தொடக்க நாட்களில் நீதிக்கட்சியின் 'ஜஸ்டிஸ்' ஏட்டுக்கு மைசூர்ச் செய்திகளை அனுப்பிப் பிழைத்தவர். அச்சான நீளத்தை அளந்து கூலி. நீதிமன்றம், சந்தை, நகராட்சிக் கூட்டம் என்று அலைந்த அந்த நாட்களுக்கும் மால்குடிக்கும் உள்ள உறவை இலக்கியத் துறையினர் ஆராயட்டும்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதன்று. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இங்கிலாந்தின் உழவர்களைப் பற்றியும், அங்கே பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டதைப் பற்றியும் 1907-இல் நூல் எழுதியவர். பொதுநிலத்தை இழந்த ஆங்கிலச் சிற்றூர் எப்படிக் குலைந்தது என்பதை அறிந்த அவர், சென்னை மாணவர்களிடம் அவரவர் சொந்த ஊருக்குப் போய்க் கணக்கெடுத்து வரச் சொன்னார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, நெல்லையின் கங்கைகொண்டான், வடார்க்காட்டுத் தூசி எனப் பல ஊர்கள் இவ்வாறு ஏட்டில் ஏறின, 1918-இல் நூலாயின. அந்த மாணவர்கள் பேரறிஞர்கள் அல்லர். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவர்கள். அவர்கள் எழுதி வைத்ததால்தான் இருவேல்பட்டின் நிலம், கூலி, சாதி உறவு ஆகியவற்றை 1916 முதல் 2008 வரை தொடர்ந்து ஒப்பிட்டுப் பிற்கால ஆய்வாளர்களால் எழுத முடிந்தது. தமிழக வேளாண் சமூகத்தைப் பற்றி இவ்வளவு நீண்ட கால அளவில் பேசும் வாய்ப்பு விடுமுறைக்காலப் பயிற்சி ஒன்றால் கிடைத்தது. இன்றைய முதுகலை மாணவரின் களப்பணி அறிக்கைகள் மதிப்பெண் இட்டதும் எங்கே போகின்றன? துறை அலமாரியில் சில காலம், பிறகு பழைய தாள் கடையில்.

இங்கிலாந்து இதில் முந்திக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார் தம் செல்போர்ன் ஊரின் பறவை, மழை, பூச்சி பற்றிக் கடிதங்களாக எழுதியவை 1789-இல் நூலாகி இன்றளவும் வாசிக்கப்படுகின்றன. 1937-இல் தொடங்கிய 'மாஸ் அப்சர்வேஷன்' இயக்கம், சாதாரண மக்களை அவரவர் நாளை எழுதச் சொன்னது. அந்தத் தாள்கள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் காக்கப்படுகின்றன. எழுதியவரின் பெயர் வெளியிடப்படுவதில்லை. சந்தைக்குப் போனதும் ரொட்டி கிடைக்காததும் அங்கே ஆவணம்.

தமிழ்ச் சிற்றூரில் இத்தகைய ஆவணம் இல்லாமல் இல்லை. அதை ஆவணம் என்று எவரும் அழைப்பதில்லை, அவ்வளவே. பேராவூரணி, புதுக்கோட்டைப் பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தின் நோட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். யார் எவ்வளவு செய்தார், முன்பு வாங்கியதற்கு எவ்வளவு கூட்டித் திருப்பினார் என்பது பெயர், ஊர், தொகையோடு பதிவாகிறது. கடன், உறவு, மானம் மூன்றும் ஒரே வரியில் நிற்கும் இத்தகைய சான்றைச் சோழர் காலத்தில் கண்டெடுத்திருந்தால் அதற்கு மூன்று கருத்தரங்குகள் நடந்திருக்கும். நாளைய மின்தடை, காணாமற்போன ஆடு, நூறு நாள் வேலைக்கு வர வேண்டியோர் பட்டியல், வெளிநாட்டில் இறந்தவரின் உடல் வரும் நேரம் ஆகியவை இன்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் வருகின்றன. கைப்பேசி மாறும்போது போகின்றன. ஸ்டான்ஃபோர்டில் மூண்ட தீ ஒரே இரவில் செய்ததை இது புகையில்லாமல் நாள்தோறும் செய்கிறது.

இங்கே ஒரு வலுவான எதிர்ப்பு எழும்; எழ வேண்டும். ஊர்ச்செய்தி எவருடைய செய்தி? இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களின் இறையிலி நிலங்களைக் கணக்கிடும்போது குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் வரிசையில் வைக்கின்றன. அங்கே வாழ்ந்தோர் வரி நீக்கப்பட்ட நிலமாக வரலாற்றில் நுழைகின்றனர். ஆடு விட்டவரின் பெயர் நிற்கிறது, சேரியில் வாழ்ந்தவரின் பெயர் இல்லை. சீனிவாஸும் இக்குறையிலிருந்து தப்பவில்லை. ஊர்த் தலைவரின் விருந்தினராக, பிராமணராக இருந்ததால் தாம் கண்டது மேல்சாதியாரின் ராம்புரா என்பதையும், தீண்டப்படாதோர் தெருவிலோ முஸ்லிம்களிடையிலோ தங்கியிருந்தால் ஊர் வேறாகத் தெரிந்திருக்கும் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது நேர்மை. அதனால் இடைவெளி நிரம்பிவிடாது. பெண்கள் பேசிக்கொண்டதும் அவருக்கு எட்டியது குறைவே.

வாட்ஸ்அப் குழுவும் இதே நோய் கண்டதுதான். பல ஊர்களில் காலனிக்கு ஒரு குழு, ஊருக்கு ஒரு குழு. திருவிழா வரி கேட்கும் செய்தி எந்தக் குழுவில் வருகிறது, எதில் வருவதில்லை என்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும். ஆகவே சேகரிப்போர் யார், எந்தத் தெருவிலிருந்து தொடங்குகின்றனர் என்பதே முதற்கேள்வி. சேரியிலிருந்து பல்கலைக்கழகம் வரை வந்த முதல் தலைமுறை மாணவர்கள் இன்று தமிழ்நாட்டின் எல்லாத் துறைகளிலும் உள்ளனர். 1948-இல் எருதுகள் கட்டும் வீட்டில் அமர்ந்திருந்தவருக்கு எட்டாத செய்தி அவர்களுக்கு வீட்டுப் பேச்சு. அவர்களிடம் கோட்பாடு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் நெறியாளர், தம் துறைக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஆகச் சிறந்த கள ஆய்வாளரை இழக்கிறார்.

அந்தரங்கம் பற்றிய அச்சமும் நியாயமானதே. ஊர்ச்சண்டையின் பதிவு நாளை வழக்கில் சான்றாகலாம். கலப்பு மணம் பற்றிய ஒரு வரி உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்காகத்தான் சீனிவாஸ் ஊருக்கும் புனைபெயர் வைத்தார். தமிழ்ப் பல்கலைக்கழகங்கள் ஒரு சிறு ஏற்பாட்டிலிருந்து தொடங்கலாம். முதுகலைக் களப்பணி அறிக்கைகளையும், தருவோரின் இசைவோடு பெறும் மொய் நோட்டு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, ஊர்க்கூட்டத் தீர்மான ஏடு ஆகியவற்றின் மின்படிகளையும் பெயர் நீக்கிய படி ஒன்றாகவும், முப்பது ஆண்டு திறக்கக்கூடாத மூலப்படி ஒன்றாகவும் காக்கலாம். மைப்படிகளைக் கேட்டு நீதிமன்றம் வரை போன ஆர்வத்தில் சிறு பங்கு இதற்குப் போதும். புதிய கட்டடம் வேண்டியதில்லை. படிகள் அனைத்தையும் ஒரே அறையில் வைக்காமலிருந்தால் சரி.