நல்ல சேனல் என்றால் எழுந்து போய்விடலாமா?

“எங்க பையன் கார்ட்டூன் பக்கமே போகமாட்டான். டிஸ்கவரி, அனிமல் பிளானட், இந்த ரெண்டுதான்.” பள்ளி வாசலில், கல்யாணப் பந்தியில், அடுக்ககத்தின் லிஃப்டில் என்று எங்கே போனாலும் இந்தப் பெருமை காதில் விழுகிறது. சொல்பவர் முகத்தில், பிள்ளை பாதி ஐ.ஏ.எஸ். முடித்துவிட்ட களை. பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்தப் பையன் நேற்று என்ன பார்த்தான் என்று கேட்டால் மட்டும் ஏன் விழிக்கிறீர்கள்?

சீரியல் ஓடினால் “போய்ப் படி” என்று பிள்ளையை விரட்டுகிறோம். சினிமாவில் குத்து வெட்டு வந்தால் ரிமோட்டைத் தேடுகிறோம். திரையில் ஒரு புலியோ பென்குயினோ தலைகாட்டிவிட்டால் போதும், நிம்மதியாக எழுந்து நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆவணப்படம் என்றால் அப்படியே உண்மை என்று நமக்கு ஒரு குருட்டு நம்பிக்கை.

டிஸ்னி நிறுவனம் 1958-இல் ‘ஒயிட் வைல்டர்னெஸ்’ என்று ஒரு படம் எடுத்தது. எலி இனத்தைச் சேர்ந்த லெம்மிங் என்னும் சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டம் கூட்டமாக ஓடிவந்து பாறை முனையிலிருந்து கடலில் விழுந்து சாவதை அதில் காட்டினார்கள். பார்த்தவர்கள் உருகினார்கள். சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரும் கிடைத்தது. அந்தக் காட்சியைப் படம்பிடித்த இடம் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம். அங்கே கடலே கிடையாது. லெம்மிங்குகளும் தாமாக வந்தவையல்ல. மானிடோபாவில் சிறுவர்களுக்குக் காசு கொடுத்துப் பிடித்து வாங்கிவந்தவை. சுழலும் மேடையில் ஓடவிட்டு, கொஞ்சத்தைப் பெரும் படையாகக் காட்டி, கடைசியில் ஆற்றங்கரை மேட்டிலிருந்து தள்ளியும் விட்டார்கள். 1982-இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி இதைப் போட்டு உடைத்தது. லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்வதில்லை. பெருக்கம் அதிகமானால் இடம்பெயரும், அப்போது நீரைக் கடக்கையில் சில மூழ்கிப்போகும், அவ்வளவுதான். ஆனாலும் ‘லெம்மிங் தற்கொலை’ உலகத்தின் நினைவை விட்டு இன்னும் போகவில்லை.

அது பழங்கதை, இப்போது அப்படியெல்லாம் இல்லை என்பீர்கள். பிபிசியின் ‘ஃப்ரோசன் பிளானட்’ 2011-இல் வந்தது. அதில் பனிக்குகைக்குள் துருவக்கரடிக் குட்டிகள் பிறந்து நெளியும் காட்சி நெதர்லாந்தின் ஒரு விலங்குக் காட்சியகத்தில் எடுக்கப்பட்டது. இதை நான் மோசடி என்று சொல்லமாட்டேன். காட்டில் உண்மையான குகைக்குள் கேமராவை நுழைத்தால் தாய்க்கரடி குட்டிகளையே கொன்றுவிடக்கூடும். எப்படி எடுத்தோம் என்பதைத் தங்கள் இணையதளத்திலும் போட்டிருந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை இணையதளம் தேடிப் படித்துவிட்டா பார்க்கும்? அதற்குத்தான் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்கிறேன்.

சத்தத்துக்கும் இதே கதைதான். தொலைவில் நின்று பெரிய லென்ஸ் வைத்து எடுக்கும்போது விலங்கின் காலடி ஓசை மைக்கில் விழாது. பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து சேர்க்கிறார்கள். மக்காச்சோள மாவைப் பைக்குள் போட்டு அழுத்தினால் பனியில் நடக்கும் சத்தம் வருமாம். சமையலறையில் நீங்களே செய்து பாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.

என் கோபமெல்லாம் இன்னொரு ரகத்தின் மீது. 2012-இல் அனிமல் பிளானட் ‘மெர்மெய்ட்ஸ்: த பாடி ஃபவுண்ட்’ என்று ஒன்றை ஒளிபரப்பியது. கடற்கன்னியின் உடல் கிடைத்துவிட்டதாம், அரசாங்கம் மறைக்கிறதாம். விஞ்ஞானிகளாக வந்து கண்கலங்கப் பேசியவர்கள் அத்தனை பேரும் நடிகர்கள். இது கற்பனை என்ற அறிவிப்பு கடைசியில் கண்சிமிட்டும் நேரம் வந்து மறைந்தது. மக்கள் கேட்ட கேள்விகளில் திணறி, அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகமே கடல்மனிதர்கள் இருப்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்று விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு டிஸ்கவரி, எப்போதோ அழிந்துபோன மெகலடான் என்னும் ராட்சதச் சுறா இன்னும் உயிரோடு திரிகிறது என்று அதே பாணியில் ஒன்றைப் போட்டது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் அதே இரண்டு சேனல்கள்! மெகலடான் அழிந்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்றைக்கு இந்தக் கதைகளெல்லாம் துண்டு துண்டாக, அடித்தொண்டைத் தமிழ்க் குரல் ஒட்டி, பிள்ளைகளின் கைபேசியில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஹிஸ்டரி சேனலின் ‘ஏன்ஷியன்ட் ஏலியன்ஸ்’ 2010-லிருந்து வருகிறது. பழைய கட்டடம் எதைக் கண்டாலும் வேற்றுக்கிரகவாசிகள் வந்து உதவியிருக்கலாமோ என்று கேட்பதுதான் அதன் தொழில். இதில் ஊறிய பிள்ளை தஞ்சைப் பெரிய கோயிலின் முன் நின்றும் அதையே கேட்கும். நீங்கள் செல்ஃபி எடுத்து முடித்ததும் அந்தச் சுவரைக் காட்டுங்கள். ராஜராஜன் 1010-இல் எழுப்பி முடித்த கோயிலின் கல்வெட்டிலேயே, பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. கோயிலுக்கு வரவழைத்த 400 ஆடல் மகளிரின் பெயர்கள், அவர்களுக்குத் தந்த வீடுகள் தெருவின் இந்த வரிசையில் இத்தனையாவது என்பது வரை வெட்டிவைத்திருக்கிறார்கள். இவ்வளவு கணக்கு எழுதியவர்கள், பறக்கும் தட்டில் ஆள் வந்திருந்தால் அவருக்குக் கொடுத்த நெல்லையும் ஒரு வரி எழுதாமலா விட்டிருப்பார்கள்?

காட்டில் தனியாகப் பிழைத்துக் காட்டும் நிகழ்ச்சி நடத்துகிற பேர் கிரில்ஸ் பெயரைச் சொன்னால் வீட்டுக்கு வீடு ஒரு வாண்டு நிமிர்ந்து உட்காரும். ரஜினிகாந்தே 2020-இல் அவரோடு பந்திப்பூர்க் காட்டில் நடந்தார் என்றால் கேட்கவேண்டுமா. கிரில்ஸ் தனியாகக் காட்டில் மாட்டிக்கொண்டதாகக் காட்டிய சில இரவுகளில் ஓட்டலில் தங்கியிருந்தார் என்பது 2007-இலேயே வெளியே வந்த விஷயம். அதைச் சொல்லிப் பிள்ளையின் ஆசையைக் கெடுக்கவேண்டாம். “இவர் தனியாகப் போகிறார் என்றால் எதிரே நின்று படம் எடுப்பது யாருடா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பிள்ளை ஆயுசுக்கும் பிழைத்துக்கொள்ளும். தேர்தல் நேரத்திலும் உதவும்.

‘மீர்கட் மேனர்’ என்று ஒரு தொடர் வந்தது. கலஹாரிப் பாலைவனத்துக் கீரியினப் பிராணிகளின் குடும்பக் கதை. ஃபிளவர் என்ற தலைவி, கர்ப்பமான சொந்த மகள்களையே குடும்பத்தை விட்டு விரட்டுவாள். மீர்கட்டுகளில் அது உண்மையிலேயே நடப்பதுதான். இசையும் பெயரும் வைத்து எபிசோடு எபிசோடாக வெட்டியபோது நம் ராத்திரி சீரியலுக்குச் சளைக்காமல் வந்தது. ஃபிளவர் பாம்பு கடித்துச் செத்தபோது உலகமெங்கும் ரசிகர்கள் அழுதார்கள். மாமியார் கொடுமை என்று பிள்ளையை ஹாலை விட்டு விரட்டும் நீங்கள் இதை அறிவியல் என்று அனுமதிக்கிறீர்கள். அனுமதிக்கலாம், தப்பில்லை. கூட இருங்கள்.

கூட உட்கார்ந்து பார்க்க நல்ல படங்கள் இல்லாமல் இல்லை. முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்த கதை, ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’, 2023-இல் ஆஸ்கர் வாங்கியது. ஒரு மணி நேரம்கூட ஓடாது. அதிலும் கேமரா எங்கே நின்றிருக்கும், எதை வெட்டியிருப்பார்கள் என்று பேசலாம். ரகுவைப் பிரியும் இடத்தில் பேசவேண்டாம்.

நான் டிவியை மூடச் சொல்லவில்லை. பிள்ளையைச் சந்தேகப் பிராணியாக வளர்க்கவும் சொல்லவில்லை. சிங்கம் ஒரு நாளில் சுமார் 20 மணி நேரம் படுத்தே கிடக்கும். மிச்ச நேரத்தை மட்டும்தான் நமக்குக் காட்டுகிறார்கள் என்பதை அருகில் இருக்கும் அப்பாவோ அம்மாவோதான் சொல்லமுடியும். வாரத்தில் ஓர் இரவு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். வேறெதுவும் தோன்றாவிட்டால், மெகலடான் இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். “பசிபிக் கடலுக்கு அடியில்” என்று பதில் வந்தால், அடுத்த வாரமும் உட்காருங்கள்.