கட்டம் கட்டமாகத் தெரிவது யார் குற்றம்?

டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்யும் தோழர்களின் வீடுகளில் இன்று கம்ப்யூட்டர் அதிசயப் பொருள் அல்ல. 2011ல் தமிழக சர்க்கார் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்போ, யாரோ கழித்துக் கட்டிய பழைய யந்திரமோ, ஏதோ ஒன்று மூலையில் இருக்கிறது. 2025 அக்டோபர் 14ந் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. புதிய விண்டோஸ் 11 பல பழைய யந்திரங்களில் ஏறாது. புது யந்திரம் வாங்கக் கூலிக்காரனிடம் காசு ஏது? ஆகவே வீட்டுப் பிள்ளைகள் லினக்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். அதற்கு விலை இல்லை. பழைய யந்திரத்திலும் ஓடும். 2018ல் வால்வ் கம்பெனி புரோட்டான் என்ற சாதனத்தை வெளியிட்ட பிறகு, விண்டோசுக்காகச் செய்த விளையாட்டுகளில் பலவும் லினக்ஸில் ஓடுகின்றன.

விளையாட்டு ஓடுகிறது, தமிழ்தான் தடுமாறுகிறது! தகப்பனாருக்கு வந்த சம்பள ஒப்பந்தத்தை அதே யந்திரத்தில் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள்; இல்லாவிட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள். உடனே தீர்ப்புச் சொல்கிறார்கள்: "லினக்ஸ் சரியில்லை" என்று ஒருவர், "தமிழ் கம்ப்யூட்டருக்கு ஒத்துவராது" என்று மற்றொருவர். இரண்டு தீர்ப்பும் தவறு. குற்றம் எங்கே இருக்கிறது என்பதைத் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் படிக்க முடியாத ஒப்பந்தம், இல்லாத ஒப்பந்தத்துக்குச் சமம்.

எண்ணும் எழுத்தும்

பழைய அச்சுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஈய எழுத்துக்கள் பெட்டியில் அறை அறையாக இருக்கும். எந்த அறையில் எந்த எழுத்து என்பது கம்பாசிட்டருக்கு மனப்பாடம். கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். அது எழுத்தைச் சேமிப்பதில்லை; அறை எண்ணைத்தான் சேமிக்கிறது. அந்த எண்ணுக்குரிய உருவத்தை எடுத்துத் திரையில் வைப்பது பாண்ட் என்னும் எழுத்துரு. ஒரு அச்சுக்கூடத்தின் அறை எண்களை, வேறு விதமாக அடுக்கிய மற்றொரு அச்சுக்கூடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? கூலி என்பது வேறு ஏதோவாகத்தான் வரும்.

மூன்று நோய், மூன்று மருந்து

முதல் நோய் கட்டம். எண் சரியாக வந்திருக்கிறது; பெட்டியில் அந்த எழுத்து இல்லை என்று அர்த்தம். மருந்து சுலபம். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் ஆகிய எழுத்துருக்கள் இலவசம். லினக்ஸின் மென்பொருள் கிடங்கிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். போட்ட பின் நிரலை மூடித் திறக்க வேண்டும். விளையாட்டுக்குள் மட்டும் கட்டம் தெரிந்தால் விஷயம் வேறு. பல விளையாட்டுகள் தம் சொந்த எழுத்துப் பெட்டியையே கொண்டு வருகின்றன. அதே வரியை பிரௌசரில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒழுங்காகத் தெரிந்தால் யந்திரத்தில் குறையில்லை. விளையாட்டைச் செய்தவர் தமிழை மறந்துவிட்டார்!

இரண்டாவது நோய் ஆங்கிலக் குழப்பம். இது இரு வகை. தலையில் சாய்கோடு வைத்த சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் முத்திரை என்று மாறி மாறி வந்தால், அது நல்ல யூனிகோடு தமிழ்தான். யூ.டி.எப்-8 என்ற முறையில் எழுதியதை, ஐரோப்பிய எழுத்தென்று நினைத்து நிரல் வாசிக்கிறது. திறக்கும்போது யூ.டி.எப்-8 என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் வந்துவிடும். அதற்கு முன் கோப்பைச் சேமிக்காதீர்கள்; சேமித்தால் கெட்டுவிடக்கூடும். மற்ற வகை: 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வருவது. இது பாமினி எழுத்துருவில் அடித்தது. இதற்கு அந்தப் பழைய எழுத்துருவே வேண்டும். அல்லது யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஓபன்-தமிழ் என்ற இலவச நிரல் தொகுப்பில் இப்படி மாற்றும் கருவி உண்டு. மாற்றினாலும் மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மூன்றாவது நோய் கொம்பும் காலும் பிரிவது. 'கொ' என்ற எழுத்து, க முதலிலும் கொம்பு பின்னாலுமாகச் சிதறி நிற்கும். எண்ணும் சரி, எழுத்துருவும் சரி. சேர்த்துக் கோக்கும் வேலைதான் நடக்கவில்லை. சில விளையாட்டுகளில் இதைப் பார்க்கலாம். லினக்ஸின் கறுப்புத் திரைக்கும் கோக்கத் தெரியாது. அதில் அதிகபட்சம் 512 உருவங்கள்தான் அடங்கும். அங்கே தமிழ் வரவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சாளரம் உள்ள நிரலில் திறந்து படியுங்கள்.

ஆளுக்கொரு பெட்டி ஏன் வந்தது?

ஆரம்ப காலக் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துத் தொகுதிக்கு 256 அறைகள்தான். அதில் பாதி ஆங்கிலத்துக்கும் அதன் குறிகளுக்கும் போய்விட்டது. மீதி அறைகளில் தமிழின் 247 எழுத்துக்களையும் திணிக்க வேண்டும். எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு விதமாக அடுக்கினார்கள். அன்று வேறு வழி இல்லை. அவர்கள் உழைப்பால்தான் தமிழ் திரைக்கு வந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் விளைவு என்ன? ஒருவர் பெட்டியில் அடித்ததைப் படிக்க அவருடைய பெட்டியையே தேட வேண்டிய நிலை வந்தது.

1991ல் வெளிவந்த யூனிகோடு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் வரிசை. முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 1999ல் தமிழக சர்க்கார் டாம், டாப் என்ற இரு முறைகளைத் தரமாக அறிவித்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின் போது, யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தரமாக ஏற்று அரசாணை வந்தது. ஆணை போட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இருந்தும் பழைய எழுத்துருவில் அடித்த காகிதங்கள் இன்னும் வருவது ஏன்? பழகிய விசைப்பலகையை மாற்றச் சோம்பல், மாற்றும்படி கேட்க ஆளில்லை. வேறு காரணம் இல்லை.

நம் வட்டாரத்துக்கு இதில் தனி அக்கறை உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஒரே பெஞ்சில் தமிழ் பேசுபவரும் உருது பேசுபவரும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஒரே நோட்டீசில் இரண்டு மொழியும் வேண்டும். ஒன்று இடமிருந்து வலம், மற்றொன்று வலமிருந்து இடம். 256 அறைப் பெட்டியில் இரண்டுக்கும் இடம் கிடையாது. யூனிகோடில் இரண்டு மொழிக்கும் சொந்த எண்கள் உண்டு. ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதில்லை.

என்ன கேட்க வேண்டும்?

தோழர்களே, கம்பெனி தரும் ஒப்பந்தமும், சர்க்கார் தரும் உத்தரவும், பட்டாவுக்கு விவசாயத் தொழிலாளி எழுதும் மனுவும் யூனிகோடில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சோதிப்பது சுலபம். வந்த கோப்பில் ஒரு வரியைத் தேர்ந்து, எழுத்துருவை வேறொரு தமிழ் எழுத்துருவாக மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது பொதுப் பெட்டி. குழம்பிப் போனால் தனியார் பெட்டி. திருப்பிக் கொடுத்துச் சரியாகக் கேளுங்கள்.

சங்கங்களும் தம் பழைய கோப்புகளைக் காலம் கடத்தாமல் மாற்றிவைக்க வேண்டும். பழைய எழுத்துருவோடு பழைய யந்திரமும் போய்விட்டால், பழைய ஒப்பந்தத்தைக் காட்டி வாதாட என்ன இருக்கும்? இந்த வேலைக்கு நிபுணரைத் தேடி அலைய வேண்டாம். விளையாட்டுக்காக லினக்ஸ் போடக் கற்ற பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கிறார்கள். "விளையாடிக் கெட்டான்" என்று திட்டுவதை நிறுத்தி, அவர்களைச் சங்க அறைக்கு அழைத்து வாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பல வருஷத்துக் காகிதங்கள் பிழைத்துக்கொள்ளும்.