டீச்சர் மறக்காத பிள்ளைகள்



இந்த மாதம் சுவர்ப் பத்திரிகைக்கு என்ன எழுதலாம் என்று கேட்டால் எல்லாரும் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்கிறார்கள். அது போன மாதமே வந்துவிட்டது. நான் எழுதப் போவது எங்கள் கணக்கு டீச்சர் சொன்ன சில பிள்ளைகளைப் பற்றி. கூடவே ஒரு கோரிக்கையும் இருக்கிறது, அதனால் தயவுசெய்து கடைசி வரை படிக்கவும்.

டீச்சர் வருகிற மே மாதம் ரிட்டயர் ஆகிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையக் குங்குமத்தோடு வருவார். ஆனால் பழைய மாணவர்களைப் பற்றிக் கேட்டால் அவர் முதலில் சொல்வது நாலைந்து வேதக்காரப் பிள்ளைகளைத்தான்.

ஒரு அக்கா சத்துணவு வரிசையில் தட்டை வாங்கியதும் நின்ற இடத்திலேயே கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாராம். பின்னால் நிற்கிறவர்கள் கத்துவார்களாம். "அது கண்ணைத் திறக்கிற வரைக்கும் ஆயா கரண்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. ஒரு நாளும் திட்டினதில்லை" என்று டீச்சர் சிரிப்பார்.

இன்னொரு அண்ணன் சரஸ்வதி பூஜைப் பொரி வாங்க மாட்டாராம். "வேண்டாம் டீச்சர், படைச்சது நாங்க சாப்பிட மாட்டோம்" என்று மெதுவாகச் சொல்வாராம். அடுத்த வருஷம் டீச்சர் படைக்காத கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் தனியாக வாங்கி பீரோவில் வைத்திருந்து கொடுத்தாராம். எனக்கு இதில் அந்த அண்ணனை விட டீச்சரைத்தான் அதிகம் பிடித்தது.

எல்லாவற்றிலும் நல்ல கதை இதுதான். ஒரு பையன் பரீட்சை ஹாலில் பத்து நிமிஷம் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பேனாவைத் திறப்பான். கணக்கில் 28 மார்க். டீச்சர் பேப்பரைக் கொடுத்துவிட்டு, "ஏலே, சாமி வந்து வாய்ப்பாடு சொல்லித் தராதுல்ல?" என்று கேட்டாராம். அவன் சொன்னது: "பாஸ் ஆக்கி விடுங்கன்னு நான் கேட்கலை டீச்சர். பயத்தை எடுத்து விடுங்கன்னு தான் கேட்டேன்." அன்றையிலிருந்து அவனுக்குச் சாயந்திரம் அரை மணி நேரம் கணக்கு சொல்லிக் கொடுத்தாராம். பயம் போனது ஜெபத்தாலா, கணக்காலா என்று நான் கேட்டேன். "ரெண்டும்னு வச்சுக்கோ" என்றார்.

வேதக்காரப் பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வகுப்பிலேயே வசனம் ஒப்பிக்கிற ஒருத்தி என் ரப்பரை வாங்கிக்கொண்டு தரவே இல்லை. பக்தி இருக்கிற எல்லாருக்கும் நல்ல குணம் வந்துவிடாது, எந்தச் சாமியைக் கும்பிட்டாலும். ஆனால் உறுதியாக ஒன்றை நம்புகிறவர்களை நாம் ஏன் "அல்லேலூயா பார்ட்டி" என்று கூப்பிட வேண்டும்?

சமூக அறிவியல் சார் ஒரு வழக்கைப் பற்றிச் சொன்னார். கேரளாவில் 1985-ல் மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அண்ணன் பத்தாம் வகுப்பு, தங்கைகள் ஒன்பதும் ஐந்தும். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவு. தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். அவர்கள் மதத்தில் கடவுளைத் தவிர வேறு எதற்கும் அப்படிப் பாடக் கூடாதாம். ஐகோர்ட்டில் தோற்றுவிட்டார்கள். 1986 ஆகஸ்ட் 11-ல் சுப்ரீம் கோர்ட், நின்றதே மரியாதைதான், பாடச் சொல்லி வற்புறுத்த முடியாது, அவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நான் ஜன கண மன சத்தமாகத்தான் பாடுவேன், பாடாமல் நிற்க எனக்கு மனசு வராது. ஆனாலும் என் வகுப்புப் படித்த அந்த அக்கா, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன நாளை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது நம் பள்ளிக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புக்கு ஞாயிறு காலை 9 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். சர்ச்சில் ஆராதனை முடிய 11 மணி ஆகிவிடும். அதனால் மூன்று அக்காக்கள் வருவதில்லை. திங்கட்கிழமை அவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்கள், நடத்திய பாடமும் போய்விடுகிறது. மார்கழி, கார்த்திகையில் மாலை போட்ட அண்ணன்கள் கறுப்பு வேட்டியில், செருப்பில்லாமல் வருகிறார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அது சரிதான். அதே மாதிரி இதையும் விட்டால் என்ன?

மூன்று பேருக்காக எல்லாரும் மாற வேண்டுமா என்று ஒரு அண்ணன் கேட்டார். மற்ற அக்காக்களிடமும் கேட்டுப் பார்த்தேன். ஞாயிறு காலையில்தான் தண்ணீர் பிடிக்க, துணி துவைக்க, ஆடு பத்திவிட நேரம் கிடைக்கிறது, தாமதமாக வைத்தால் நல்லது என்றுதான் பாதிப் பேர் சொன்னார்கள்.

அதனால் தலைமை ஆசிரியர் அவர்களுக்கு என் கோரிக்கை: ஞாயிறு ஸ்பெஷல் கிளாஸை 11.30 முதல் 1.30 வரை வைக்கலாம். வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு 1.45-க்கு டவுன் பஸ் இருக்கிறது. ஸ்டாப்பில் இரண்டு ஞாயிறு நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், இரண்டு நாளும் சரியான நேரத்துக்கு வந்தது.

– 9-ஆம் வகுப்பு மாணவி