மடிக்கணினியும் நம் மடியும்

“இது தேறாது அம்மா; எடைக்குப் போட்டுவிடுங்கள்” என்று பழுது பார்ப்பவர் ஒருவர் கைவிரித்துவிட்டாரென, எம் பழைய மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியைச் சென்ற திங்கள் எம் இல்லத்துக்குக் கொணர்ந்தாள். 2011ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி, பன்னிரண்டாம் வகுப்பில் அவள் பெற்ற கணினி அது. பதினொன்றாம் வகுப்பில் பயிலும் தன் தமக்கை மகளுக்கு அதனைக் கொடுக்க எண்ணினாள். புதிது வாங்கும் நிலையில் அக்குடும்பம் இல்லை.

திறந்து பார்த்தோம். மின்கலம் மாண்டு பல்லாண்டு ஆகியிருந்தது. விசையை அழுத்தி ஏழெட்டு மணித்துளிகள் காத்திருந்த பின்னரே திரை தெளிந்தது. ஆயின் விசைகள் அனைத்தும் வேலை செய்தன. திரையில் ஒரு கீறலும் இல்லை. வன்வட்டும் ஒழுங்காகவே சுழன்றது. கண்ணில் புரை விழுந்த ஒருவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கச் சொன்ன மருத்துவனை ஒத்திருந்தது அப்பழுதுபார்ப்பவரின் தீர்ப்பு!

புரை எதுவென்று கூறுவோம். அக்கணினியுள் இருந்தது விண்டோசு 7 இயங்குதளத்தின் தொடக்கப் பதிப்பு. மலிவு விலைக் கணினிகளுக்கென்று விடப்பட்ட அப்பதிப்பில், திரையின் பின்னணிப் படத்தைக்கூடக் கணினிக்குரியவர் தம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள இயலாது. தன் வீட்டுச் சுவருக்குத் தான் விரும்பிய நிறத்தைப் பூச உரிமையற்ற குடியிருப்பு அது. மேலும், கணினியின் செயலி 64 இரும இலக்கக் கட்டமைப்பை ஏற்கவல்லதாயிருந்தும், அப்பதிப்பு 32 இலக்கத்துக்கு மட்டுமே செய்யப்பட்டது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை உரிய நிறுவனம் 2020 சனவரி 14ஆம் நாளோடு நிறுத்திற்று. பின்னர் வந்த விண்டோசு 10க்குரிய இயல்பான திருத்தங்களும் 2025 அத்தோபர் 14ஆம் நாளோடு நின்றன. விண்டோசு 11 வேண்டுமெனின், குறைந்தது 4 கிகாபைட்டு நினைவகமும் அதற்கெனத் தனிப் பாதுகாப்பு ஏந்தும் வேண்டும். இக்கணினியிலோ நினைவகம் 2 கிகாபைட்டு. எங்கோ ஒரு வணிக நிறுவனம் நாட்காட்டியில் கோடு கிழிக்க, இங்கே ஓர் ஏழைப்பெண்ணின் கணினி எடைக்குப் போகிறது. இதனை முதுமை என்று பெயரிட்டு அழைக்க எமக்கு மனமில்லை.

மாற்று வழி நேற்று முளைத்ததன்று. 1983இல் அமெரிக்கரான இரிச்சர்டு சுட்டால்மன் கட்டற்ற இயங்குதளம் ஒன்றைப் படைக்கப்போவதாக அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த இலினசு தோர்வால்ட்சு அதற்குப் பொருந்திய கருநிரலை எழுதி வெளியிட்டார். 1993இல் தெபியன் தோன்றிற்று. மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். விலையின்மையினும் இவ்வுரிமையே பெரிது.

இதனினும் எம்மைத் தைத்த செய்தி வேறு. அதே கணினியில், விண்டோசுக்கு அருகிலேயே, பாசு என்னும் இயங்குதளமும் இருந்தது! நடுவணரசின் கணிமை மேம்பாட்டு நடுவம் தெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் உருவாக்கியது அது. அதன் பெயரில் ‘பாரத்’ என்னும் சொல் முன்நிற்பது எமக்கு உவப்பன்று, அது கிடக்க. தமிழில் இயங்கவல்ல தளமொன்று பத்தாண்டுக்கு மேலாகக் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், அவள் அதனை ஒருமுறையும் திறந்ததில்லை. ஏனென்று வினவினோம். “எங்களுக்கு யாருமே சொல்லவில்லையே, ஐயா!” என்றாள். சொல்லியிருக்க வேண்டியவர் ஆசிரியர். அவருள் யாமும் ஒருவரே. மொழிப்போர் ஈகியர்க்கு ஆண்டுதோறும் வீரவணக்கம் செலுத்திய யாம், அக்கணினியைத் திறந்து ‘தமிழைத் தேர்ந்தெடு’ என்று ஒரு மாணவர்க்கும் சொன்னோமில்லை.

பணியைத் தொடங்கினோம். முதற்கண் அவளுடைய படங்களையும் சான்றிதழ்ப் படிகளையும் ஒரு விரலியில் எடுத்துவைத்தோம். வட்டை அழித்தபின் அழுது பயனில்லை. மற்றொரு விரலியில் 2025இல் வெளிவந்த தெபியன் 13ஐ ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினோம். இங்கொன்று குறித்துக்கொள்க: நிறுவும்பொழுது வரைகலைத் திரையைத் தேர்ந்தால்தான் மொழிப்பட்டியலில் தமிழ் தோன்றும், வெறும் எழுத்துத் திரையில் தோன்றாது. பலர் இதனை அறியாமல், தமிழே இல்லையென்று ஆங்கிலத்துக்குப் போய்விடுகின்றனர். தமிழைத் தேர்ந்ததும் வினாக்கள் தமிழிலேயே வரத் தொடங்கின. அருகிருந்த சிறுமி, “கணினி நம்மைத் தமிழில் கேட்குமா, தாத்தா?” என்றாள். தாத்தா என்றதைப் பொறுத்துக்கொண்டோம்.

இத்தளங்களில் தமிழுக்கு இரண்டு வட்டாரக் குறியீடுகள் உள. ஒன்று இந்தியாவுக்கு, மற்றொன்று இலங்கைக்கு. தமிழர்க்கென ஒரு நாடில்லை என்பதைக் கணினியும் நினைவூட்டத் தவறவில்லை. பழைய வட்டு முழுதும் அழித்து, நினைவகம் குறைவாதலின் எடைகுறைந்த திரைச்சூழலையே நிறுவினோம். ஒன்றரை மணி நேரத்தில் பணி முடிந்தது. கம்பியில்லா இணையத்துக்குரிய நிரல்களைத் தனியே தேடியலையும் தொல்லை முன்பிருந்தது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் அவை உடன்வருகின்றன. மறுமுறை தொடங்கியபொழுது ஒன்றரை மணித்துளியில் திரை வந்தது.

பின்னர்த் தமிழ் 99 விசைப்பலகையை அமைத்தோம். 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற அம்முறையில், உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்பக்கம். மகரத்தை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முன்னதற்குத் தானே புள்ளி விழும். ‘அம்மா’ என்று எழுத நான்கு தட்டல் போதும். ஆங்கில எழுத்தில் தமிழை ஒலிபெயர்த்துத் தட்டிப் பழகிய கைக்கு முதற்கிழமை இடறும். அச்சிறுமிக்கு அப்பழக்கம் வேரூன்றாதிருந்ததால் மூன்றே நாளில் கை வந்தது.

குறைகளை மறைக்கமாட்டோம். இணையப் பக்கங்கள் நாலைந்தை ஒருங்கே திறந்தால் அக்கணினி திணறுகிறது. விண்டோசுக்கென்றே எழுதிய சில செயலிகள் இதில் ஓடா. இவற்றினும் எமக்கு வருத்தம் தந்தது பிறிதொன்று. மொழிபெயர்க்கப்பட்ட பட்டிகள் தமிழில் தோன்றின. அல்லாதவை ஆங்கிலத்திலேயே நின்றன. பெயர்த்தவற்றுள்ளும் வடசொல்லும் கிரந்தவெழுத்தும் ஆங்காங்கு முள்ளாய்க் குத்தின. உடனே சினந்தெழுவது நமக்கு எளிது. ஆனால் அவ்வரிகளைப் பெயர்த்தவர் சிலர், தம் ஓய்வுப்பொழுதில், ஊதியமின்றிப் பெயர்த்தனர். நாமோ அக்காலமெல்லாம் கணிப்பொறியா கணினியா, சுட்டியா சொடுக்கியா என்று மலருக்கு மலர் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். யாமும் அத்தகைய கட்டுரை இரண்டு எழுதியுள்ளோம். அம்மொழிபெயர்ப்புக் கோப்புகள் எவரும் காண வெளிப்படையாகவே கிடக்கின்றன. பிழை கண்டவர் திருத்தி உரிய குழுவுக்கு விடுக்கலாம். அதற்குப் புலமையும் பொறுமையும் போதும். பொறியியற் பட்டம் வேண்டா. தமிழாசிரியர் பத்துப்பேர் ஒரு கோடை விடுமுறையில் அமர்ந்தால், ஒரு திரைச்சூழலின் பட்டிகளையேனும் நல்ல தமிழாக்கிவிடலாம். வணிக நிறுவனத்தின் தளத்தில் இவ்வாறு நாமே கைவைக்க இயலுமா?

செய்தி பரவி, எம் திண்ணைக்கு மேலும் மூன்று பழங்கணினிகள் வந்துள்ளன. ஒன்றில் வன்வட்டு உண்மையாகவே கெட்டுவிட்டது. அதன் நினைவகத்தைக் கழற்றி அச்சிறுமியின் கணினியில் பொருத்தினோம். இப்பொழுது அதற்கு 4 கிகாபைட்டு. மற்றை இரண்டும் வரும் ஞாயிறு அன்று.