திரும்பி வந்த பாட்டி!



பள்ளிச் சுற்றுலா என்றால், முதல் நாள் இரவே பையை அடுக்கி வைத்துவிட்டு, தூக்கம் வராமல் புரள்வீர்கள்தானே? சுமார் 3,500 கி.மீ. தூரம், மலைப்பாதையில் நடந்தே போக வேண்டும் என்றால் எப்படித் தயாராவீர்கள்?

அமெரிக்காவில் அப்படி ஒரு பாதை இருக்கிறது. அதன் பெயர் அப்பலாச்சியன் நடைபாதை. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி, வடக்கே மெய்ன் மாநிலத்தில் உள்ள கட்டாடின் மலை வரை 14 மாநிலங்கள் வழியாகப் போகிறது. பாறை, சேறு, ஓடை, செங்குத்தான ஏற்றம் எல்லாம் உண்டு. 1937-ல் இந்தப் பாதை முழுமை பெற்றது.

1954-ல் எம்மா கேட்வுட் என்ற 66 வயதுப் பாட்டி, இதில் நடக்கக் கிளம்பினார். 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். பண்ணை வேலை செய்து பழகியவர். பாதை சுலபமானது என்று ஒரு பத்திரிகையில் படித்து, அதை நம்பிவிட்டார். வடக்கு முனையில் தொடங்கியவர், சில நாட்களிலேயே வழி தவறினார். மூக்குக்கண்ணாடி உடைந்தது. சாப்பாடும் தீர்ந்துபோனது. வீட்டுக்குத் திரும்பும்படி வனக் காவலர்கள் சொன்னார்கள். பாட்டியும் திரும்பிவிட்டார்.

'அய்யோ, பாட்டி தோற்றுவிட்டாரே!' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

1955 மே மாதம், தெற்கு முனையிலிருந்து மறுபடி தொடங்கினார். தோளில், தானே தைத்த துணிப்பை. அதற்குள் ஒரு கம்பளி, மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு குளியலறை பிளாஸ்டிக் திரை, கொஞ்சம் சாப்பாடு. மொத்தச் சுமை 10 கிலோவுக்கும் குறைவு! காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. செப்டம்பர் மாதம் கட்டாடின் உச்சியில் நின்றார். முழுப் பாதையையும் ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவர்தான்.

1957-ல் மீண்டும் நடந்தார். மூன்றாம் முறை பகுதி பகுதியாக நடந்து, 1964-ல் முடித்தார். அப்போது அவருக்கு வயது 76!

பகுதி பகுதியாக என்றால்? இந்த வருடம் முடிந்தவரை நடப்பது. அடுத்த வருடம், விட்ட இடத்திலிருந்து தொடர்வது. பல வருடங்கள் எடுத்துக்கொண்டு முடிப்பவர்களும் உண்டு. ஒரே மூச்சில் முடித்தவருக்கும் இவர்களுக்கும் அங்கே ஒரே மரியாதைதான்.

இந்தப் பாதையில் வழிகாட்ட, மரங்களிலும் பாறைகளிலும் வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால், 'திருப்பம் வருகிறது, கவனம்' என்று அர்த்தம். வெகுநேரமாகப் பட்டையே கண்ணில் படவில்லையா? மேற்கொண்டு போகக் கூடாது. கடைசியாகப் பார்த்த பட்டைக்கே திரும்பி வர வேண்டும்.

நீங்களும் ஒருநாள் பெரியவர்கள் துணையோடு, வனத்துறை அனுமதி பெற்று மலை ஏறுவீர்கள். அதற்கு இப்போதே தயாராகலாம். தினமும் கொஞ்ச தூரம் நடந்து பழகுங்கள். கொண்டுபோக நினைக்கும் பையைச் சுமந்து மாடிப்படி ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்குகிறதா? அவசியமில்லாத பொருளை வெளியே எடுத்து வையுங்கள். ஆனால், தண்ணீரைக் குறைக்காதீர்கள். புது ஷூவை அன்றைக்குத்தான் போடுவேன் என்று அடம் பிடித்தால், காலில் கொப்புளம் நிச்சயம். ஒரு வாரம் முன்பே போட்டுப் பழகுங்கள். கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும். விட்டுவிட்டு மூன்று முறை ஊதினால், 'உதவி வேண்டும்' என்று பொருள்.

எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வந்ததும், உச்சி பக்கத்தில் தெரிந்தாலும் இறங்கிவிட வேண்டும். நண்பன் கேலி செய்வானே என்று தயங்காதீர்கள்.

1954-ல் திரும்பி வந்ததால்தான், 1955-ல் பாட்டியால் மறுபடி போக முடிந்தது. மலை எங்கேயும் ஓடிவிடாது, செல்லங்களே. அடுத்த லீவுக்கும் அது அங்கேயேதான் இருக்கும். நீங்கள் பத்திரமாக வீடு வந்து சேருங்கள்!

அன்புடன்,
ஆசிரியர்